சுவைக்கு மூளையில் தனியிடம் உண்டா?

இனிப்பை நுனிநாக்கும் கசப்பை அடிநாக்கும் உணர்கின்றன என்று வகுப்பறைகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. நாக்கைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் படமும் பாடநூல்களில் இடம்பெற்றது. அப்படம் பிழையானது.

1901இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹேனிக், நாக்கின் விளிம்பில் உணர்திறன் இடத்துக்கு இடம் சிறிதே வேறுபடுவதை அளந்து கண்டார். 1942இல் அமெரிக்க உளவியலார் எட்வின் போரிங் தம் நூலில் அவ்வளவுகளை வரைகோடாகத் தீட்டியபோது, சிறு வேறுபாடு பெரிதாகத் தோன்றியது. அதன்பின் அக்கருத்து வேரூன்றிவிட்டது. உண்மையில், சுவையரும்புகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளையும் உணரும்.

நாக்கில் இல்லாத அப்பாகுபாடு மூளையிலேனும் உண்டா? இதுவே அறிவியலார் ஆராயும் வினா.

சுவை செல்லும் வழி

அறிவியலார் கொள்ளும் அடிப்படைச் சுவைகள் ஐந்து. அவை இனிப்பு, கசப்பு, புளிப்பு, உவர்ப்பு, 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா பெயரிட்ட ஊமாமி என்பன. தமிழர் அறுசுவையுள் ஒன்றாகிய கார்ப்பு இவற்றுள் சேராது. அது சூடும் வலியும் உணர்த்தும் வேறு நரம்பின் வழியே செல்வது.

நாவில் எழும் சுவைச் செய்தி முதலில் மூளைத்தண்டை அடைகிறது. அங்கிருந்து தாலமஸ் வழியாக, மூளையின் மேற்போர்வையாகிய புறணிக்குச் செல்கிறது. சுவைக்குரிய புறணிப் பகுதி பக்கவாட்டு மடிப்பினுள் மறைந்து கிடப்பது. தீவு எனப் பொருள்படும் ‘இன்சுலா’ என்பது அதன் பெயர்.

தொடுவுணர்வுக்குப் புறணியில் ஒழுங்கான வரைபடம் உண்டு. அடுத்தடுத்த விரல்களுக்கு அடுத்தடுத்த இடங்கள் அமைந்துள்ளன. சுவைக்கும் அவ்வாறே இருக்கும் எனச் சிலர் எதிர்பார்த்தனர்.

இரு வேறு முடிவுகள்

2011இல் சார்லஸ் சூக்கர் குழுவினர் மயக்கத்தில் இருந்த சுண்டெலிகளின் இன்சுலாவை ஆராய்ந்தனர். இனிப்பு, கசப்பு, உவர்ப்பு, ஊமாமி ஆகியவற்றுக்குத் தனித்தனித் திட்டுகள் இருப்பதாக அறிவித்தனர். 2015இல் அவர்கள் ஒளியால் இனிப்புத் திட்டைத் தூண்டியபோது, வெறும் நீரையே சுண்டெலி விரும்பி நக்கியது. கசப்புத் திட்டைத் தூண்டியபோது நக்குவதை விட்டு ஓக்காளித்தது.

ஆயினும் 2021இல் ஆல்ஃபிரெடோ ஃபோன்டானினி குழுவினர், விழித்திருந்து நக்கும் சுண்டெலிகளில் அத்தகைய திட்டுகளைக் காணவில்லை. ஒரு சுவைக்கு மட்டும் எழும் நரம்பணுக்களும், பல சுவைகளுக்கு எழும் நரம்பணுக்களும் இன்சுலாவில் விரவிக் கிடந்தன. 2020இல் வெளியான மனித மூளைப் படப்பிடிப்பு ஆய்வொன்றும் தனித்தனி இடங்களைக் காட்டவில்லை; சுவைக்கொரு கிளர்ச்சிக்கோலம் பரந்து விளங்குவதையே காட்டிற்று.

இதனை மொழியைக் கொண்டு விளக்கலாம். ஓரெழுத்து பல சொற்களில் வருகிறது. எனினும் எவ்வெழுத்துகள் கூடுகின்றன என்பதைக் கொண்டு சொல் வேறுபடுகிறது. அதுபோல, ஒரு நரம்பணு பல சுவைகளில் பங்கு கொள்ளினும், உடன் எழும் கூட்டமே சுவையைப் பிரித்துணர்த்துகிறது என்பது இரண்டாம் தரப்பாரின் கருத்து.

இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. வண்ணந்தீட்டிய படம் மாணவர் மனத்தில் எளிதிற் பதியும்; பதிந்த பிழையை அகற்றுவதோ அரிது. நாக்குப் படம் பல தலைமுறைகளை மயக்கியது. மூளைக்கும் அவ்வாறு ஒரு படம் வகுப்பறைக்கு வருமாயின், அது எந்த உயிரில், எந்நிலையில் கண்டது என்று கேட்டறிந்த பின்னரே கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.