தினமும் 100 கிராம் பழம்: மாதச் செலவுக் கணக்குக்குள்ளேயே முடியும்

"பழம் சாப்பிடணும்னு ஆசைதான். ஆனா ஆப்பிள் விக்குற விலைக்கு நாம எங்கே போறது?" பாலக்கோட்டில் மட்டுமல்ல, வாரக் கூலியை எண்ணிக் குடும்பம் நடத்துகிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பழம் என்றாலே ஆப்பிள், மாதுளை, ஆரஞ்சு என்றும், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது பையில் வாங்கிப் போகிற பொருள் என்றும் பலர் நினைக்கிறோம். ஆனால் விலை ஏற ஏற சத்தும் ஏறும் என்பது சரியல்ல. நம் பக்கம் விளைகிற கொய்யா, பப்பாளி, நெல்லி போன்றவை விலை குறைந்தவை, சத்து மிகுந்தவை. எதை, எப்போது, எங்கே வாங்குவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிமுறைகளை 2024-ல் புதுப்பித்து வெளியிட்டது. அதன்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் பழமும், கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் தேவை. 100 கிராம் என்பது பெரிய அளவல்ல. நடுத்தர அளவில் ஒரு கொய்யா, அல்லது இரண்டு சிறிய வாழைப்பழம், அல்லது பப்பாளியில் ஒரு நல்ல கீற்று. அவ்வளவுதான்.

ஆப்பிளா, கொய்யாவா?

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அதே அளவு ஆப்பிளில் 10 மில்லிகிராம்கூட இல்லை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம். அதாவது, அரைக் கொய்யாவிலேயே ஒரு நாள் தேவை முடிந்துவிடுகிறது. நார்ச்சத்திலும் கொய்யாதான் முன்னால் நிற்கிறது. நெல்லிக்காயில் வைட்டமின் சி இன்னும் அதிகம். பப்பாளியிலும் மாம்பழத்திலும் கண்ணுக்கு நல்லது செய்கிற கரோட்டின் உண்டு. வாழைப்பழத்தில் உடனடித் தெம்பும் பொட்டாசியமும் கிடைக்கும். ஆப்பிள் கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

களியோடு பழம் ஏன்?

தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் குறைவது என்று இது வீட்டுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

தருமபுரி மாவட்டத்தில் ராகிக் களியும் கீரையும் இன்றும் அன்றாடச் சாப்பாடு. இரண்டிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் உடம்பில் சேரும் அளவு கூடும். எனவே களி சாப்பிட்டதும் ஒரு கொய்யாத் துண்டு, கீரையில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அல்லது ஒரு நெல்லிக்காய் என்று பழக்கப்படுத்தினால், ஏற்கெனவே செலவு செய்து சமைத்த சாப்பாட்டின் பலன் கூடும். சாப்பிட்டதும் டீ குடிப்பது இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால், பழம் சாப்பிடுகிறோமே என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

பருவம் பார்த்து வாங்குங்கள்

வரத்து அதிகமாக இருக்கும்போது விலை இறங்கும். நம் பகுதிக்கு ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம்:

• ஆண்டு முழுவதும்: வாழை, பப்பாளி. கொய்யாவும் பெரும்பாலான மாதங்களில் கிடைக்கும்.
• டிசம்பர் – பிப்ரவரி: நெல்லி, இலந்தை.
• மார்ச் – மே: தர்பூசணி, முலாம்பழம்.
• மே – ஜூலை: மாம்பழம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் முக்கியப் பயிர் இது. ஜூன், ஜூலையில் நாவல் பழமும் வரும்.
• ஆகஸ்ட் – நவம்பர்: மலையடிவாரக் காடுகளிலும் கரடுகளிலும் விளையும் சீத்தாப்பழம்.

எங்கே, எப்படி வாங்குவது?

முதலில் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் பாலக்கோட்டிலும் செயல்படுகிறது. இங்கே இடைத்தரகர் கிடையாது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியில் விற்கும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அன்றைய விலை நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

கிளம்புவதற்கு முன் கைபேசியைப் பாருங்கள். தமிழக அரசின் 'உழவன்' செயலி விவசாயிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதில் சந்தை விலை நிலவரத்தை யாரும் பார்க்கலாம். விலை தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசுவது எளிது.

சுற்றுக் கிராமங்களில் இருந்து வரும் பெண்களுக்கு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் விடியல் பயணத் திட்டத்தின்கீழ் கட்டணம் இல்லை. எனவே வாரத்துக்கு இரண்டு முறை சந்தைக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக வாங்கலாம். மொத்தமாக வாங்கி அழுகவிடுவது மிச்சமல்ல, நட்டம்.

பப்பாளி, மாம்பழம் வாங்கும்போது ஒன்று பழுத்ததாகவும் மற்றவை செங்காயாகவும் எடுங்கள். செங்காயை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் வாரம் முழுவதும் ஒவ்வொன்றாகப் பழுக்கும். நன்றாகக் கனிந்து விலை குறைத்துப் போடும் வாழைப்பழத்தை அன்றே சாப்பிடுவதானால் தாராளமாக வாங்கலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் வேண்டும். 30 நாளைக்கு 12 கிலோ. தோல், கொட்டை கழிவையும் சேர்த்து 15 கிலோ வாங்க வேண்டியிருக்கும். பலவகைப் பழங்களின் சராசரி விலை கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 ரூபாய்.

இரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் ஆளுக்கு ஒரு 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தால் அதுவும் மாதம் 600 ரூபாய்தான். அங்கே கிடைப்பது உப்பும் எண்ணெயும். அந்தப் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் பழம் கிடைக்கும். முழுதாக மாற்ற முடியாவிட்டாலும் வாரத்தில் நான்கு நாள் மாற்றிப் பாருங்கள்.

வீட்டோரம் கொஞ்சம் இடம் இருந்தால் இன்னும் மிச்சம். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு பப்பாளிக் கன்று வைத்தால் ஓராண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். கொய்யாவும் எலுமிச்சையும் பல ஆண்டுகள் பலன் தரும். அரசின் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. இதன்கீழ் வீட்டுத் தோட்டத்துக்கான பழக்கன்றுகள் மானியத்தில் வழங்கப்படுகின்றன. தற்போதைய இருப்பு பற்றி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• பழத்தை நறுக்குவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெட்டித் திறந்து வைத்த பழத்தைத் தெருவோரத்தில் வாங்க வேண்டாம்.
• ஜூஸ் போட்டால் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரையும் சேரும். பழத்தைக் கடித்தே சாப்பிடுங்கள்.
• சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பப்பாளிக் காயைத் தவிர்க்க வேண்டும்.
• கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சந்தேகம் வந்தால் கடையின் பெயர், இடம், படத்துடன் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.

இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது, காய்கறிப் பட்டியலின் கடைசியில் அல்ல, முதல் வரியில் பழத்தை எழுதுங்கள். கடைசியில் எழுதினால், பையில் காசு மிஞ்சினால்தான் வாங்குவோம். முதலில் எழுதினால் எப்படியும் வாங்கிவிடுவோம்.