எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு அடி எதற்கு?

கைக்கு ஒரு பயிற்சி. படிக்க வேறு பயிற்சி!
பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

சென்னை, பூந்தமல்லி அருகே உள்ளது நூம்பல். பக்கத்திலேயே வேலப்பன்சாவடி, ஐயப்பன்தாங்கல். தெருவுக்குத் தெரு புது வீடுகள், பள்ளிக்கூடங்கள், டியூஷன் சென்டர்கள்.

மேற்கு சென்னையின் இந்தப் பக்கத்தில் இப்போது "தெரபி சென்டர்" போர்டுகளும் கண்ணில் படுகின்றன. அதில் ஒரு வார்த்தை, "ஆக்குபேஷனல் தெரபி".

"அது என்னங்க, தொழில் கத்துக் குடுக்கிற இடமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

தொழில் அல்ல. ஒரு ஆள் தினமும் செய்யவேண்டிய வேலைகளைத் தன் கையால் செய்யப் பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. குழந்தைக்கு என்ன வேலை? சாப்பிடுவது, பொத்தான் போடுவது, விளையாடுவது, எழுதுவது. 1950-ம் ஆண்டு பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல் பள்ளி.

சோம்பேறி அல்ல!

கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் முழிக்கிறான். "கொழுப்பு, வேணும்னே படிக்க மாட்டேங்கிறான்" என்று முதுகில் இரண்டு விழுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது "டிஸ்லெக்சியா" என்ற கற்றல் குறைபாடு. எழுத்தையும் அதன் சத்தத்தையும் சேர்த்துப் பிடிப்பதில் வரும் சிக்கல் இது. அறிவுக் குறைவு அல்ல. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு.

1896-ம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலீஷ் டாக்டர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டி, விளையாட்டிலும் கெட்டி. படிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் இவன்தான் பள்ளியிலேயே சூட்டிகையான பையன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம்.

கொம்பு முன்னே, சத்தம் பின்னே

தமிழில் ந, ன, ண இருக்கிறது. ல, ள, ழ இருக்கிறது. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் சத்தமோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். இங்கிலீஷிலோ "பி"யும் "டி"யும் முகம் திரும்பி நிற்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் முதலில் இதில் தடுமாறத்தான் செய்வார்கள். மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் தடுமாற்றம் தீராவிட்டால் கவனிக்கவேண்டும்.

தெரபிஸ்ட் என்ன செய்வார்?

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கையெழுத்தும் சேர்ந்து படுத்தும். பென்சிலை இறுக்கிப் பிடிப்பார்கள். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கும். எழுத்து கோட்டை விட்டு ஓடும். போர்டில் உள்ளதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு வேலை இங்கேதான். பிள்ளை உட்காரும் விதம், தோள் பலம், விரல் பிடிப்பு, எழுதும் வேகம் ஆகியவற்றைப் பார்ப்பார். கால் தரையில் படும்படி நாற்காலி, பிடிப்புக்கு வாகான பென்சில், நாலு கோடு நோட்டு என்று மாற்றச் சொல்வார். ரொம்பவும் கஷ்டப்படும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கப் பழக்குவார்.

வீட்டிலும் செய்யலாம். சப்பாத்தி மாவு பிசையட்டும். கொடியில் துணிக்குக் கிளிப் போடட்டும். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். பாட்டியோடு பல்லாங்குழி ஆடட்டும். விரலுக்கு இதெல்லாம் நல்ல வேலை.

ஏமாந்துவிடக் கூடாது

ஒன்றை மறக்கக் கூடாது. கைக்குப் பயிற்சி கொடுத்தால் எழுத்து சீராகும். படிப்பு அதனால் வந்துவிடாது. படிக்க வைப்பதற்குத் தனிப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் வேண்டும். சத்தத்தைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, படிப்படியாக அவர் சொல்லித்தருவார்.

"ஊஞ்சலில் ஆட்டினால் வாசிப்பு வந்துவிடும்", "கலர் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் பர்சைத் திறக்காதீர்கள். கண் பயிற்சியும் கலர் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கமும் கண் டாக்டர்கள் சங்கமும் 2009-ல் சேர்ந்தே அறிவித்தன.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்த வேலைக்காக இந்தப் பயிற்சி? மூன்று மாதத்தில் என்ன மாற்றம் தெரியும்?" நல்ல தெரபிஸ்ட் தெளிவாகப் பதில் சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவரை அடிப்பதையும் மனம் புண்படப் பேசுவதையும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து ஏற்ற வகையில் பாடம் நடத்துவது பள்ளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. "டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்று சொன்னால் பெற்றோர் தலைகுனிந்து திரும்பவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் இந்த மாணவ-மாணவிகளுக்குச் சலுகைகள் உண்டு. சொல்லச் சொல்ல எழுத ஒருவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு. மருத்துவச் சான்றிதழோடு தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கவேண்டும். பிறகு குழந்தை டாக்டர், மனநல நிபுணர் ஆகியோரிடம் பரிசோதனை.

நூம்பலில் இருப்பவர்களுக்குக் கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-ல் தொடங்கிய பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தூரம்தான். ஆனால் மனநலப் பரிசோதனை, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். தி.நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களின் தொடக்கம் முதல் இந்தப் பிள்ளைகளுக்காகவே வேலை செய்கிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

பத்தாம் வகுப்பு பரீட்சை நெருங்கிய பிறகு சான்றிதழுக்கு அலைவது பலருடைய வழக்கம். அதற்குள் பிள்ளை "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவுகட்டி இருப்பான். மூன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால் அவனுக்கு ஏழு வருஷம் மிச்சம்.