பிள்ளையின் மேசைக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

பனவடலிசத்திரத்தில் வேப்பம் பலகையில் செய்தாலும் தேக்கில் செய்தாலும், பிள்ளை எழுதும் மேசையின் ஆயுள் மேல்பூச்சில்தான் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், மை, காம்பஸ் முனை எல்லாம் முதலில் தாக்குவது அதைத்தான்.

பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஸ்பிரிட் ஆவியானதும் அரக்கு படலமாக நிற்கும், அவ்வளவுதான். அதனால் சானிடைசர் சிந்தினால் மறுபடி கரையும். சூடான பால் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பீரோவுக்கு அழகு, பள்ளிப் பிள்ளையின் மேசைக்குச் சரிப்படாது.

கடைக்காரர்கள் 'பி.யூ.' என்று சொல்லும் பாலியூரித்தேன் வேறு ரகம். இரண்டு டப்பாக்களாக வருவதில் ஒன்று பிசின், மற்றது ஹார்டனர். கலந்ததும் பிசினின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹார்டனரின் ஐசோசயனேட் பிணைந்து, மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னிக்கொள்கின்றன. அந்த வலையைத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ எளிதில் பிரிக்காது. ஆனால் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாவைக் கிளப்பும். வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள், பட்டறையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். முழுதாக இறுக ஒரு வாரம்கூட ஆகலாம்.

வண்ணம்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் ஈயத்தைக் கவனியுங்கள். 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாவில் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.