வெளிநாட்டு டிப்ளமா: காலேஜ் வாசலில் அதற்கு என்ன மதிப்பு?

ஓசூரில் காலை ஆறரை மணிக்கு ரோட்டோரம் நின்றால் இரண்டு வகை பஸ்களைப் பார்க்கலாம். ஒன்று, சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போவது. இன்னொன்று, அத்திபெலேயைத் தாண்டி சர்ஜாபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு நம் பிள்ளைகளை ஏற்றிப் போவது. அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வந்த எண்பதுகளில், "நல்ல இங்கிலீஷ் மீடியம் கிடைக்குமா?" என்பதுதான் இங்குள்ள தாய்மார்களின் கவலை. இன்றைக்கோ, "ஐ.பி.யா, கேம்பிரிட்ஜா, இல்லை ஸ்டேட் போர்டே போதுமா?" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவருக்கு ஆலையில் வேலை. மகள் பத்தாவது படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று ஆசை. "ஐ.பி.யில படிச்சா எந்த காலேஜும் கதவைத் தொறந்துடுமாமே! நகையை வெச்சாவது சேர்த்துடலாம்னு இவர் சொல்றார். நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்" என்றார். அவருக்காக விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அது என்ன ஐ.பி.?

'இன்டர்நேஷனல் பக்கலாரியேட்' என்பதன் சுருக்கம்தான் ஐ.பி. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு. நம் நாட்டில் இதை முதலில் கொண்டுவந்தது நம் தமிழ்நாட்டுப் பள்ளிதான்: கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-ல்.

பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷமும் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 புள்ளி. அதோடு 4,000 வார்த்தையில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, சமூக சேவை, விளையாட்டு எல்லாம் உண்டு. மொத்தம் 45 புள்ளி. தேற 24-ஆவது வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற வேலை குறைவு. தானே தேடிப் படித்து எழுதும் பழக்கம் பிள்ளைக்கு வரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேம்பிரிட்ஜ் என்பது இங்கிலாந்து முறை. பத்தாவதுக்குச் சமமாக ஐ.ஜி.சி.எஸ்.இ., பிளஸ் டூவுக்குச் சமமாக ஏ லெவல்.

நம் காலேஜில் செல்லுமா?

செல்லும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983-லிருந்தே ஐ.பி. டிப்ளமாவை பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றிருக்கிறது. ஆனால் 'சமம்' என்றால் 'சலுகை' என்று அர்த்தமில்லை. வரிசையில் நிற்க இடம் கிடைக்கும். முன்னால் போக வழி கிடைக்காது.

சில கல்லூரிகள் 'ஈக்விவலன்ஸ்' சான்றிதழ் கேட்கும். அதாவது, இந்தப் படிப்பு பிளஸ் டூவுக்குச் சமம் என்று சொல்லும் காகிதம். 2025-ல் யு.ஜி.சி. இதற்குப் புது விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. எனவே யார் கொடுத்த காகிதம் வேண்டும் என்பதை, சேரப்போகும் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டர் படிப்பு என்றால்

அக்காவின் மகளுக்கு வேண்டியது இதுதான். 2017-லிருந்து தமிழ்நாட்டிலும் மருத்துவ சேர்க்கைக்கு நீட் தேர்வுதான். எந்த போர்டில் படித்தாலும் அதை எழுதித்தான் ஆகவேண்டும். அதற்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றையும் இங்கிலீஷோடு படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஐ.பி.யின் வழக்கமான பாட அமைப்பில் இரண்டு சயின்ஸுக்குத்தான் இடம். இந்த மூன்றையும் எடுக்க வேண்டுமானால், பள்ளிக்கூடம் முன்கூட்டியே ஐ.பி. அமைப்பிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இதை விசாரிக்காமல் பணம் கட்டிவிட்டால், இரண்டு வருஷம் கழித்துப் பெண் பாஸ் செய்திருப்பாள், ஆனால் நீட் எழுதும் தகுதி இருக்காது!

என்ஜினீயரிங் என்றால்

2007-லிருந்து நம் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கில் 100, பிசிக்ஸில் 50, கெமிஸ்ட்ரியில் 50, ஆக 200-க்குத்தான் கட் ஆஃப். ஐ.பி.யில் கிடைக்கும் 6, 7 என்ற கிரேடுகளை மார்க்காக மாற்றித்தான் இதில் சேர்க்க முடியும். அரை மார்க்கில் எத்தனையோ பேர் முந்திவிடும் இடம் இது. ஆகவே எப்படி மாற்றுவார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

காலண்டரையும் பாருங்கள். நம் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தில் வந்துவிடும். ஐ.பி. ரிசல்ட் ஜூலை முதல் வாரம். கேம்பிரிட்ஜில் மே-ஜூன் பரீட்சை எழுதினால் ஆகஸ்ட் ஆகிவிடும். இந்தியப் பிள்ளைகளுக்காகவே மார்ச்சில் நடக்கும் பரீட்சையை எழுதினால் மே மாதத்திலேயே கிடைக்கும். உங்கள் பள்ளியில் அந்த மார்ச் பரீட்சை உண்டா என்று கேளுங்கள்.

டெல்லி பல்கலைக்கழகம் போன்ற மத்திய பல்கலைக்கழகங்களில் 2022-லிருந்து பட்டப்படிப்புக்கு 'க்யூட்' என்ற நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அங்கே டிப்ளமா புள்ளி பெரும்பாலும் தகுதிக்கு மட்டும்தான்.

எல்லையில் இருப்பவர்களுக்கு

இது நம் ஓசூர், கிருஷ்ணகிரி தாய்மார்களுக்கு மட்டுமேயான விஷயம். எட்டாவது முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த நம் ஊர்ப் பிள்ளைக்கு என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் படித்திருந்தால் வாங்கியாக வேண்டும். கடைசி நேரத்தில் அலையாமல், இ-சேவை மையத்தில் முன்னதாகவே மனுப் போட்டுவிடுங்கள்.

"அப்படின்னா கர்நாடகா சீட்டுக்குப் போகலாமே?" என்று கேட்டார் அக்கா. அங்கே அரசு ஒதுக்கீட்டுக்கு, சாதாரணமாக ஏழு வருஷமாவது அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு வராது.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், என்ஜினீயரிங்கில் 2021-லிருந்தும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும்.

வெளிநாடு போவதென்றால்

அங்கேதான் இந்த டிப்ளமா நன்றாகக் கைகொடுக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் 'இத்தனை புள்ளி வாங்கினால் இடம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அமெரிக்காவில் சில கல்லூரிகள், உயர்நிலைப் பாடங்களில் நல்ல கிரேடு இருந்தால் முதல் வருஷப் பாடம் சிலவற்றைக் கழித்துவிடும். ஜெர்மனியில், நம் பிளஸ் டூ மட்டும் படித்தவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு வருஷம் காலேஜ் படித்துவிட்டோ, தயாரிப்பு வகுப்பு முடித்தோதான் சேர முடியும்; பாடங்களைச் சரியாக எடுத்த ஐ.பி. பிள்ளை நேராகவே சேரலாம். ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கு மேல் வெளிநாட்டுச் செலவும் காத்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதையெல்லாம் கேட்ட அக்கா, மகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போனார். "மூணு சயின்ஸுக்கும் அனுமதி வாங்கித் தருவீங்களா? எழுதிக் குடுங்க" என்று கேட்டார். "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றுதான் பதில் வந்தது. நகை பீரோவிலேயே இருக்கிறது. பெண் இங்கேயே பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பில் சேரப்போகிறாள்.

உங்கள் பிள்ளைக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இந்த நாலு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிவிடுங்கள்: பிள்ளை என்ன படிக்கப் போகிறது, எந்த ஊரில்? அதற்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் இந்தப் பள்ளியில் கிடைக்குமா? ரிசல்ட் எப்போது வரும்? என்னென்ன சான்றிதழ் வேண்டும்? பள்ளிக்கூடத்தின் நீச்சல் குளத்தைப் பார்ப்பதைவிட இதுதான் முக்கியம். நாம்தானே பணம் கட்டுகிறோம்? கூச்சப்படாமல் கேளுங்கள்!