நெடுநாள் விளையாட்டு உருவாக்கத்தில் படைப்புச் சோர்வும் பக்கவேலையும்

ஒரே ஆக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவருக்கு, உடல் நன்றாக இருந்தும் அந்த வேலையின் மேல் மனம் செல்லாமல் போகும் நிலையைப் படைப்புச் சோர்வு எனலாம். கணினி விளையாட்டுகளை உருவாக்குவோரிடம் இது மிகுதி. முதல் சில வாரங்களில் திரையில் ஓர் உருவம் ஓடும், குதிக்கும். அதைப் பார்க்கும் மகிழ்ச்சியே போதும். பிறகு வருவதெல்லாம் பிழை திருத்தமும், ஒரே கட்டத்தை நூறாவது முறை ஆடிப் பார்ப்பதும்தான். இரண்டாம் ஆண்டில், செய்தது சுவையாக இருக்கிறதா என்பதே செய்தவருக்குப் புரியாமல் போய்விடும். வெளியாகும் வரை பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது.

இந்த நிலையில் மனம் புதுமையைத் தேடும். அந்த ஆசையைத் தீர்க்க வேறு வழி இல்லையென்றால் அது முதன்மை வேலைக்குள்ளேயே புகுந்து, புதிய வசதி, புதிய பாத்திரம், புதிய தொழில்நுட்பம் எனச் சேர்த்துக்கொண்டே போகும். 1997இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' என்ற விளையாட்டு 2011இல்தான் வெளிவந்தது. அடிப்படை மென்பொருளையே இடையில் மாற்றியது அத்தாமதத்தின் காரணங்களுள் ஒன்று. புதுமை ஆசைக்கு ஒரு தனி வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதே பக்கவேலையின் பயன். இளைஞர்கள் இதை 'சைடு புராஜெக்ட்' என்பார்கள்.

ஸ்ரீரங்கத்து எடுத்துக்காட்டு

நீண்ட வேலையையும் சிறு வேலைகளையும் ஒருசேர நடத்தியவர்களுக்குத் திருச்சிப் பக்கத்தில் நன்கு அறிமுகமான ஒருவர் இருக்கிறார். அவர் விளையாட்டுத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். எழுத்தாளர் சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் (1935–2008). ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றினார். ('பெல்' என்றதும் திருவெறும்பூர் நினைவுக்கு வருவது திருச்சிக்காரர்களுக்கு இயல்பு; அது பாரத் மிகுமின் நிறுவனம், இது வேறு.)

அங்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அவர் முக்கியப் பங்காற்றினார். அந்த இயந்திரத்தின் கதை பொறுமையைச் சோதிப்பது. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவை ஏற்க மறுத்தது. 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் சில சட்டமன்றத் தொகுதிகளில் மீண்டும் சோதனை. நாடு முழுவதும் எல்லா மக்களவைத் தொகுதிகளிலும் அது பயன்பட்டது 2004இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்!

அதே மனிதர் வார இதழ்களில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கணையாழி மாத இதழின் கடைசிப் பக்கத்தை 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் நிரப்பினார். இரண்டு வேலைகளின் கால அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் எப்போது நாட்டுக்குப் போய்ச் சேரும் என்பது நீதிமன்றத்தின் கையிலும் நாடாளுமன்றத்தின் கையிலும் இருந்தது. அத்தியாயமோ வாரம் பிறந்தால் அச்சாகும். வாசகர் கடிதமும் வந்துவிடும். அவர் எழுதியது சோர்வைப் போக்க மட்டும் அன்று, எழுத்தே அவருக்கு இன்னொரு முழு வாழ்க்கை. ஆனால் ஒரு பக்கம் முடிவு தெரியாத வேலையும் மறுபக்கம் கெடு வைத்து முடியும் வேலையுமாக அமைந்த அந்த ஏற்பாடு கவனிக்கத் தக்கது.

ஏனென்றால் நீண்ட ஆக்கத்தில் ஆளைச் சோர்வடையச் செய்வது உழைப்பைவிட, எதுவுமே முடியாமல் இருப்பதுதான் என்பது என் கருத்து.

விளையாட்டு நிறுவனங்களில்

அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் 'புரூட்டல் லெஜண்ட்' என்ற பெரிய விளையாட்டை உருவாக்கிவந்தபோது, 2007இல் அதன் தலைவர் டிம் ஷேஃபர் இரண்டு வாரம் அந்த வேலையை நிறுத்தினார். பணியாளர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சிறு விளையாட்டின் மாதிரியைச் செய்யச் சொன்னார். இதற்கு 'அம்னீசியா ஃபோர்ட்நைட்' என்று பெயர். பெரிய வேலையை மறந்திருக்கும் இரு வாரம் என்று பொருள் கொள்ளலாம். 'புரூட்டல் லெஜண்ட்' 2009இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சி கைவிடப்பட்டது. அப்போது நிறுவனத்துக்குக் கைகொடுத்தவை அந்த மாதிரிகளே. 'காஸ்ட்யூம் குவெஸ்ட்' (2010), 'ஸ்டாக்கிங்' (2011) முதலியன அவற்றிலிருந்து வளர்ந்தவை.

தனியாள்களுக்கு விளையாட்டு உருவாக்கப் போட்டிகள் உள்ளன. 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் ஆண்டுதோறும், பெரும்பாலும் பொங்கல் முடிந்த சனவரிக் கடைசியில், நடைபெறுகிறது. 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டு என்பதே அதன் பழைய கணக்கு.

எப்படிப்பட்ட பக்கவேலை?

முதலில், அது முடியக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு நாள், ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். நாளை முன்பே குறித்துவிட்டு, அந்த நாளில் எந்த நிலையில் இருந்தாலும் நாலு பேரிடம் காட்டிவிட வேண்டும். முடியாத பக்கவேலை இரண்டாவது சுமையாகிவிடும். ஸ்ரீரங்கத்தின் தெற்குக் கோபுரம் சில நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987இல் ராஜகோபுரமாக நிறைவெய்தியது. மாணவர்களின் மடிக்கணினிகளில் இப்படி எத்தனை மொட்டைக் கோபுரங்களோ!

அடுத்தது, வேலையின் வகை மாற வேண்டும். பகலெல்லாம் நிரல் எழுதுபவர் இரவில் வேறொரு நிரல் எழுதினால் களைப்புதான் மிஞ்சும். அவர் படம் வரையலாம், இசை அமைக்கலாம், அட்டையும் சோழியும் கொண்டு ஒரு பலகை விளையாட்டு அமைக்கலாம். பள்ளிக் கால அட்டவணையில் கணக்குக்கு அடுத்து ஓவியத்தை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது வேறு கதை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தூக்கமின்மை, நெடுநேர வேலை, ஊதியக் கவலை ஆகியவற்றால் வரும் களைப்புக்குப் பக்கவேலை மருந்தாகாது. பணியிட நெருக்கடி நீண்டு உண்டாகும் பணிச்சோர்வை உலக நலவாழ்வு அமைப்பு தனது ஐ.சி.டி.-11 வகைப்பாட்டில் தனியே குறித்துள்ளது. அந்த நிலையில் தேவைப்படுவது ஓய்வும், வேலைச் சுமைக் குறைப்பும், வேண்டுமானால் மருத்துவர் ஆலோசனையும். ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவரிடம் "இன்னொன்றையும் செய்து பார்" என்பது கொடுமை.

பக்கவேலைக்குப் போகுமுன் முதன்மை வேலையில் அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு சிறு பணியை ஒரு தாளில் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பது நல்லது. "மூன்றாம் கட்டத்தில் கதவு திறக்கும் ஒலி" என்ற அளவில் இருந்தால் போதும். இரண்டு வாரம் கழித்து வந்து உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.