பனிச்சறுக்கில் முன்னால் போகிறவருக்கே வழி

பனிச்சறுக்குச் சரிவில் மேலிருந்து வருபவர்தான் வழிவிட வேண்டும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் முக்கியமானது இதுதான். கீழே போய்க்கொண்டிருப்பவருக்கு முதுகில் கண் இல்லை. அவர் சட்டென்று திரும்பலாம், விழலாம். பின்னால் வருபவர் அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் தாண்ட வேண்டும். நின்றவர் மறுபடி புறப்படும்போது மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டுக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் உட்கார்ந்து படம் எடுப்பது மோதலுக்கு அழைப்பு. மோதல் நடந்துவிட்டால், தவறு யாருடையதானாலும் நின்று உதவி, பெயரும் முகவரியும் தர வேண்டும். பார்த்தவர்களுக்கும் இது பொருந்தும்.

நெய்வேலியிலிருந்து விடுமுறைக்குக் காஷ்மீர் போகிற குடும்பங்களுக்குப் பனிச்சறுக்கு என்றால் குல்மார்க். ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரம். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டி அபர்வத் மலைக்குக் கொண்டுபோகும். சமவெளியிலிருந்து வருபவருக்கு அங்கே தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். புதியவருக்கு ஊரை ஒட்டிய இளஞ்சரிவே போதும். மேலே, காவல் இல்லாத சரிவுகளில் பனிச்சரிவு உயிரையே வாங்கும். அபர்வத் பகுதியில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அப்படித்தான் இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் எல்லைக் கயிற்றைத் தாண்டக் கூடாது.

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் தலைக்கவசமில்லாமல் கால் வைக்காத ஊர்க்காரர்கள் பனியில் மட்டும் கம்பளிக் குல்லாயோடு இறங்குவது வேடிக்கைதான். ஸ்கீயில் அடிபடுவது பெரும்பாலும் முழங்கால். ஸ்னோபோர்டில், விழும்போது கையை ஊன்றுவதால், மணிக்கட்டு. விழுந்தால் காலணியை விடுவிக்கிற ஸ்கீ பூட்டை முக்கியமாக உடல் எடையைப் பார்த்தே முடுக்குவார்கள். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொன்னால் அது தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும். கூட்டிச் சொன்னால் தேவையான நேரத்தில் கழலாது.

பழுதான கருவியோ பயிற்சியாளரின் கவனக்குறைவோ காயத்துக்குக் காரணமானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்திட்டதாலேயே முறையிடும் வழி அடைபட்டுவிடாது. பலர் நினைப்பதுபோல் வழக்குக்காகக் காஷ்மீருக்கு அலைய வேண்டியதும் இல்லை: வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்பதால், நெய்வேலிக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, மருத்துவச் சான்று, கருவியின் படம், சாட்சியின் தொலைபேசி எண் ஆகியவற்றை அங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

பயணக் காப்பீடு தனிக் கதை. பல பாலிசிகள் சாகச விளையாட்டை ஒதுக்கிவிடுகின்றன. பணம் கட்டுமுன் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டால், அது குறித்த புகாரை நிறுவனம் நிராகரித்ததிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும்.