இடைவேளையில் ஓடியவர்கள்

சென்ற சனிக்கிழமை டோபி காட் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் சித்தியையும் அவருடைய எட்டு வயது மகனையும் சந்தித்தேன். பபிள் டீ கடை வரிசையில் நின்றபோது, பானங்களின் பக்கத்தில் இருந்த எழுத்துகளைத் தம்பி ஒவ்வொன்றாகப் படித்தான். “அக்கா, இது டி. டி குடிச்சா நான் இன்னும் குண்டாயிடுவேனா?”

அவனுடைய எடை உயரத்துக்கு அதிகம் என்று பள்ளிப் பரிசோதனைக்குப் பிறகு கடிதம் வந்திருந்தது. இரண்டு வாரமாக அது சித்தியின் கைப்பையில்தான் இருக்கிறது. சித்தப்பாவிடம்கூட அவர் காட்டவில்லை. ஏன் என்று கேட்டபோது, தன் பள்ளிக் கதையைச் சொன்னார்.

சித்தி 1990களில் தொடக்கப்பள்ளியில் படித்தவர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992ல் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ‘டாஃப்’. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் ‘ஃபேட்’, அதாவது குண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது. எடை கூடியவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி உண்டு. சில பள்ளிகளில் அது இடைவேளையிலேயே நடந்தது. தோழிகள் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சித்தி திடலைச் சுற்றி ஓடினார்.

“ஓடினது கஷ்டமில்லம்மா. எல்லாரும் பார்த்ததுதான் கஷ்டம். அப்புறம் யாருக்கும் தெரியாம ஒளிச்சுச் சாப்பிடப் பழகிட்டேன். வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடல.”

எண்களை மட்டும் பார்த்தால் திட்டம் வென்றது. எடை கூடிய மாணவர்களின் விகிதம் சுமார் 14 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியது. கேலிக்கு வழிவகுக்கிறது என்ற குறைகூறல்கள் நீடிக்க, 2007ல் அது முடிவுக்கு வந்தது. உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் விகிதம் மீண்டும் ஏறி, 2017ல் 13 விழுக்காட்டைத் தொட்டது.

“பார்த்தீர்களா, பழைய கண்டிப்புதான் சரி” என்பவர்கள் உண்டு. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஆண்டுகளில்தான் திறன்பேசி பிள்ளைகளின் கைக்கு வந்தது. உணவும் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. தவிர, சித்தியின் எடையைக் குறித்துக்கொண்டவர்கள், அவர் ஒளித்துச் சாப்பிட்டதை எங்கே குறித்தார்கள்?

இப்போது பள்ளிகள் பிள்ளையை ஓடவிடுவதைவிடச் சாப்பாட்டை மாற்றுவதில் கவனம் செலுத்துகின்றன. 2011ல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டத்தில் பொரித்த உணவுக்குக் கட்டுப்பாடு உண்டு. காய்கறியும் பழமும் தட்டில் இடம்பெற வேண்டும். ஒல்லியான பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் அதே தட்டுதான். எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்.

தம்பி படித்த எழுத்துகளும் அப்படித்தான். கடையில் தயாரிக்கும் பானங்களுக்கு அவை 2023ஆம் ஆண்டின் இறுதியில் நடப்புக்கு வந்தன. சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போனால் ‘டி’. அது பானத்துக்குக் கொடுத்த தரம், உனக்கு இல்லை என்று அவனுக்கு விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை.

ஆனால், பள்ளியில் அவன் சாப்பிடுவது ஒரு வேளைதான். மீதியெல்லாம் பாட்டி வீட்டில். பள்ளி விட்டு வந்ததும் கெட்டிப் பால் ஊற்றிய மைலோ, துணைப்பாட வகுப்புக்குப் போகுமுன் இரண்டு பரோட்டா. “பிள்ளை இளைச்சுப் போயிட்டானே” என்று பாட்டி வருத்தப்படாத நாளே கிடையாது. நம் வீடுகளில் கொழுகொழு என்றிருப்பது இன்னமும் பாராட்டுதானே! வாரத்தில் மூன்று மாலை துணைப்பாடம். புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலை அவன் மின்தூக்கிக்குப் போகும் வழியில்தான் பார்க்கிறான். சித்தியும் சித்தப்பாவும் வேலை முடிந்து வரும்போது மணி எட்டாகிவிடும்.

2025 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த ‘குரோ வெல் எஸ்ஜி’ திட்டம், 12 வயது வரையிலான பிள்ளைகளின் உணவு, தூக்கம், திரைநேரம், உடற்பயிற்சி ஆகியவற்றை வீட்டையும் பள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறது. நோக்கம் நல்லது. எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெற்றோர் அதை எந்த நேரத்தில் செய்வார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

அன்று சர்க்கரை குறைத்து ஒரே ஒரு பானம் வாங்கி மூவரும் பகிர்ந்துகொண்டோம். பிறகு ஃபோர்ட் கேனிங் பூங்காப் படிகளில் ஏறினோம். தம்பிதான் முதலில் மேலே போய் நின்றான். அன்றிரவே கடிதத்தைச் சித்தப்பாவிடம் காட்டப்போவதாகச் சித்தி சொன்னார். மைலோ விஷயத்தைப் பாட்டியிடம் யார் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.